தேசாந்திரம் போன பாட்டு வாத்தியார்

2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் சிங்கப்பூரில் ஆறு இரவுகள் பாடினார். தென்கிழக்கு ஆசியாவில் வேறெங்கும் பாடவில்லை. விமான டிக்கெட், ஓட்டல் அறை, விசா என்று அலைந்து திரிந்து பல நாட்டுப் பிள்ளைகளும் அங்கே போய் இறங்கினார்கள். தனியாகவே கிளம்பிய பெண்களும் உண்டு. "ஒரு பாட்டுக் கேட்க இவ்வளவு தூரமா? காலம் கெட்டுப்போச்சு" என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பெரியவர்கள் கவனத்துக்கு: காலம் 1770-லேயே கெட்டுவிட்டது. கெடுத்தவர் டாக்டர் சார்லஸ் பர்னி. லண்டன்வாசி, வயது 44, மூத்த சம்சாரம் காலமாகி இரண்டாவது கல்யாணம் ஆனவர், வீடு நிறையக் குழந்தைகள். பொறுப்பான குடும்பஸ்தன் என்பதற்கான எல்லா லட்சணமும் உண்டு. அப்படிப்பட்டவர் ஒரு ஜூன் மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பிடித்த பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் நேரில் கேட்பதற்காகத் தன்னந்தனியாகப் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் கிளம்பிவிட்டார்.

பர்னிக்குத் தொழில் பாட்டு வாத்தியார் வேலை. பணக்கார வீட்டுப் பெண்களுக்கு ஹார்ப்சிகார்டு சொல்லிக்கொடுப்பார். காலையில் கிளம்பினால் ராத்திரிதான் வீடு. நடுவில் சாப்பிட நேரமிருக்காது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் குதிரை வண்டிக்குள்ளேயே தகர டப்பாவைத் திறந்து சாண்ட்விச் தின்றுகொள்வார். அதற்கு முன்னால் நார்ஃபோக் பக்கம் கிங்ஸ் லின் என்ற ஊரில் தேவாலய ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் பெக்கி என்று ஒரு பெண்குதிரை வைத்திருந்தார். பெக்கியின் முதுகில் உட்கார்ந்தபடியே இத்தாலியக் கவிதைகளை அகராதியும் கையுமாகப் படித்துக்கொண்டு போவார். வழி பார்க்கிற வேலை பெக்கியுடையது. இப்படிக் குதிரைமேல் பாஷை கற்ற மனுஷன் என்றைக்காவது அந்தப் பாஷை பேசும் ஊருக்குக் கம்பி நீட்டிவிடுவார் என்று வீட்டார் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சும்மா கச்சேரி கேட்கப் போகிறேன் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? பர்னி ஒரு கௌரவமான காரணம் வைத்திருந்தார். சங்கீதத்தின் முழு வரலாற்றையும் எழுதப்போகிறாராம். இருக்கிற புத்தகங்களெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தவையாம். ஊற்றிலேயே போய்க் குடித்தால்தான் உண்மை தெரியுமாம். காரணம் பொய் என்று சொல்ல முடியாது, பிற்பாடு எழுதியும் காட்டினார். ஆனால் ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு அடியில் ஒரு பச்சை ரசிகன் ஒளிந்திருந்ததை அவர் எழுதியதைப் படிக்கிற யாரும் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ரேடியோ கிடையாது, ரெக்கார்டு கிடையாது. ஒரு பாடகியின் குரல் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அவர் பாடுகிற அறையில் நீங்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருந்துவிட்டு வந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் புண்ணியவானாக நாமே ஆகிவிடுவோம் என்று பர்னி முடிவு செய்தார்.

முதல் ஊர் பாரிஸ். அங்கே கான்சர்ட் ஸ்பிரிச்சுவல் என்ற புகழ்பெற்ற கச்சேரித் தொடருக்குப் போனார். பிரெஞ்சுக்காரர்கள் பாடுவதை அவர் காது பாட்டாகவே ஒப்புக்கொள்ளவில்லை. கத்துகிறார்கள் என்றார். கத்தக் கத்தச் சபை கைதட்டியதைப் பார்த்து இன்னும் நொந்துபோனார். கடைசியில் வந்த கூட்டுப் பாட்டு, தம் ஆயுளில் கேட்ட எல்லாச் சத்தங்களையும் தோற்கடித்துவிட்டதாக எழுதிவைத்தார். வாசிக்கிறவர்கள் பரவாயில்லை, பாடுகிறவர்கள்தான் கொலைகாரர்கள் என்பது அவர் தீர்ப்பு. இங்கிலீஷ்காரர் பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் பர்னி தம் நாட்டுப் பாட்டைப் பற்றியும் பெரிதாகப் பீற்றிக்கொள்ளவில்லை. அவருக்குப் பாட்டென்றால் இத்தாலி. விஷயம் அதோடு முடிந்தது.

போகிற வழியில் ஜெனிவா. பக்கத்தில் ஃபெர்னே கிராமத்தில் எழுத்தாளர் வால்டேர் குடியிருந்தார். அவரைப் பார்க்கப் பர்னி கையில் சிபாரிசுக் கடிதம் எதுவும் இல்லை. வீட்டையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று போனார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. எழுபத்தைந்து வயது வால்டேர் எதிரில் நடந்து வந்தார். வெறும் எலும்பும் தோலுமான உடம்பில் உயிர் எங்கே தங்கியிருக்கிறது என்று பர்னிக்கு ஆச்சரியம். கிழவர் சளைத்தவரா? செத்த பிறகும் நடமாடுகிறவன் எப்படியிருப்பான் என்று பார்க்கத்தான் வந்தீர்களோ என்று கேட்டாராம். சங்கீதத்துக்கும் இந்தச் சந்திப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பர்னி விடுவாரா? எழுதி வைத்துக்கொண்டார்.

இத்தாலியில் முதல் ஏமாற்றம் பாதுவாவில். வயலின் மேதை தார்த்தீனி வாழ்ந்த ஊர் அது. கனவில் பிசாசு வந்து வாசித்துக் காட்டியதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து எழுதினேன் என்று சொல்லிக்கொண்டவர். பர்னி ஊர் போய்ச் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன், அதே 1770 பிப்ரவரியில், தார்த்தீனி காலமாகிவிட்டார். பர்னி சோர்ந்துவிடவில்லை. தார்த்தீனி குடியிருந்த தெரு எது, வீடு எது, புதைத்த தேவாலயம் எது என்று விசாரித்து யாத்திரைக்காரர் மாதிரி ஒவ்வொன்றையும் சுற்றிவந்தார். வரலாறு எழுத இதெல்லாம் எதற்கு என்று கேட்கக் கூடாது.

வெனிஸ் நகரம் அவரை வாயடைக்கவைத்தது. கைகோத்து நடக்கிற இரண்டு பேர் பேசினால்கூடப் பாட்டாகத்தான் பேசுகிறார்கள் என்று எழுதினார். அங்கே நான்கு அனாதை விடுதிகள் இருந்தன. பெண் குழந்தைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்து, அவர்களை வைத்தே கச்சேரி நடத்துவார்கள். இசையமைப்பாளர் விவால்டி ஒரு காலத்தில் வேலை பார்த்த பியதா அவற்றில் ஒன்று. கச்சேரியின்போது பெண்கள் கம்பிக் கிராதிக்குப் பின்னால் நிற்பார்கள். குரல் மட்டும் வெளியே வரும். மெண்டிகாந்தி விடுதியில் பர்னிக்கு மட்டும் உள்ளே போய் உட்கார அனுமதி கிடைத்தது. இன்றைய பாஷையில் பேக்ஸ்டேஜ் பாஸ். ஆளுயர டபுள் பேஸையும் ஊதுகொம்பையும் பெண்களே வாசித்ததைப் பார்த்து மெய்மறந்துபோனார். பெண் குரல் சரி, பெண் கொம்பு ஊதி அவர் பார்த்ததில்லை.

இனி ஒரு விவகாரம். கொஞ்சம் சங்கடமானது. அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய பாடகர்கள் காஸ்ட்ராட்டோக்கள். குரல் உடையும் வயது வருவதற்கு முன்பே சிறுவர்களுக்கு விரை நீக்கிவிடுவார்கள். குரல் அப்படியே நின்றுவிடும், நெஞ்சுக்கூடு மட்டும் வளரும். சட்டப்படி குற்றம். இருந்தும் வருஷா வருஷம் புதுப் பாடகர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். அப்படியானால் இந்தக் காரியத்தை எந்த ஊரில் செய்கிறார்கள்? பர்னி போகுமிடமெல்லாம் கேட்டார். மிலானில் கேட்டால் "சேச்சே, இங்கே இல்லை, வெனிஸில்" என்றார்கள். வெனிஸில் போலோன்யாவைக் கைகாட்டினார்கள். போலோன்யாக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு புளோரன்ஸ் என்றார்கள். புளோரன்ஸ்காரர்கள் ரோம் என்றார்கள். ரோமில் "நேபிள்ஸில் போய்க் கேளுங்கள்" என்று அனுப்பிவைத்தார்கள். நேபிள்ஸிலும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தாலி முழுவதும் அந்தக் குரலுக்குக் கைதட்டியது. கத்தி எந்த ஊர்க் கத்தி என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. பர்னியின் புத்தகத்தில் சிரிப்பு வரும் பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிசையும் பகுதியும் இதுதான்.

அந்தக் காஸ்ட்ராட்டோக்களின் சக்கரவர்த்தி ஃபாரினெல்லி போலோன்யாவுக்கு வெளியே ஒரு மாளிகையில் ஓய்வில் இருந்தார். ஒரு காலத்தில் லண்டனையே கிறங்கடித்தவர். பிறகு ஸ்பெயின் ராஜா ஐந்தாம் பிலிப்புக்கு மனநோய் கண்டபோது, இவர் குரல் மருந்தாகும் என்று ராணி வரவழைத்துக்கொண்டாள். பத்து வருஷம் இரவுதோறும் ராஜாவுக்கு அதே நான்கு பாட்டுகளைப் பாடினேன் என்று ஃபாரினெல்லியே பர்னியிடம் சொன்னார். ராஜா குணமடைந்தாரோ இல்லையோ, பாடியவர் பைத்தியமாகாமல் தப்பித்ததே பெரிய விஷயம். இப்போது பாடுவதை விட்டுவிட்டிருந்தார். தம்மிடமிருந்த வாத்தியங்களுக்கு ஓவியர்களின் பெயரை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். மிகவும் பிடித்ததற்கு ரஃபேல், அடுத்ததற்குக் கொர்ரெஜ்ஜோ. உயிரோடிருக்கும் மிகப் பெரிய பாடகரைத் தேடிப் போன ரசிகருக்குக் கடைசியில் கிடைத்தது வாத்தியங்களின் பெயர்ப் பட்டியல். பர்னி அதற்கும் சந்தோஷப்பட்டார். நல்ல ரசிகருக்கு அதுவே அடையாளம்.

போலோன்யாவில் பாதிரி மார்ட்டினியும் இருந்தார். இவரும் சங்கீத வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். பர்னியின் கணக்குப்படி அவரிடம் 17,000 புத்தகங்கள். தொழில் போட்டிக்காரரைச் சந்திக்கப் போகிறோமே என்ற உதறல் பர்னிக்கு இருந்திருக்கும். போய்ப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. மார்ட்டினியின் வரலாறு ஆதிமனிதனில் தொடங்கி, எபிரேயர், எகிப்தியர் என்று நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. 1784-ல் அவர் காலமானபோது அச்சேறியிருந்த மூன்று தொகுதிகளும் பழங்காலத்தைத் தாண்டவில்லை. இரண்டு பேரும் ஆயுள் நண்பர்களானார்கள்.

அதே ஊரில் ஒரு கச்சேரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனும் தகப்பனாரோடு வந்திருந்தான். பர்னி அவனை முன்பே லண்டனில், சின்னக் குழந்தையாக, பார்த்திருக்கிறார். போப்பாண்டவர் அவனுக்குத் தங்கத் தார்முள் விருது கொடுத்திருந்தார். அவ்வருஷக் கடைசியில் மிலானில் அரங்கேற ஓர் ஆப்பெரா எழுத வேண்டியிருந்தது. பையன் பெயர் மோட்ஸார்ட். பர்னி அவனைப் பற்றிச் சில வரிகள் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வருங்காலம் எதிரே வந்து வணக்கம் சொன்னால் எந்த ரசிகருக்குத்தான் அடையாளம் தெரிகிறது?

ரோமில் சிஸ்டைன் தேவாலயத்துக்கென்றே ஒரு பாட்டு உண்டு. அல்லெக்ரி எழுதிய மிசெரெரே. புனித வாரத்தில் மட்டும் பாடுவார்கள். நகலெடுத்து வெளியே விட்டால் மத விலக்கு என்று ஊரெல்லாம் மிரட்டல். அவ்வருஷம் ஏப்ரலில் மேற்படி பையன் அதைக் காதால் கேட்டு வந்து எழுதிவிட்டான் என்பது உலகப் பிரசித்தம். பர்னிக்கு அந்த மாதிரி காது இல்லை. அதற்குப் பதிலாகப் போப்பாண்டவரின் பாடகர் சந்தரெல்லியோடு சிநேகம் பிடித்து, நகலை மரியாதையாகக் கையில் வாங்கிக்கொண்டார். 1771-ல் லண்டனில் அச்சும் போட்டுவிட்டார். இடி எதுவும் விழவில்லை.

நேபிள்ஸ்தான் உச்சம் என்று நினைத்துக்கொண்டே இத்தனை தூரமும் வந்தார். ஐரோப்பா முழுவதற்கும் பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் ஏற்றுமதி செய்த பள்ளிகள் அங்கேதான் இருந்தன. சாந்த் ஒனோஃப்ரியோ பள்ளிக்குள் நுழைந்தார். மாடிப்படியின் முதல் திருப்பத்தில் ஒரு பையன் டிரம்பெட்டை உயிர் போக ஊதிக்கொண்டிருந்தான். இரண்டாம் திருப்பத்தில் இன்னொருவன் கொம்பை ஊதிக்கொண்டிருந்தான். மேலே பெரிய கூடம். அதில் ஏழெட்டு ஹார்ப்சிகார்டுகள், அதைவிட அதிகமான வயலின்கள், போதாததற்குச் சில வாய்ப்பாட்டுகள். ஒவ்வொருவரும் வேறு வேறு உருப்படி, வேறு வேறு சுருதி. ஒரே மண்டபத்தில் எட்டுக் கல்யாணம் வைத்து எட்டு மேளத்தையும் ஒரே முகூர்த்தத்துக்கு ஊதச் சொன்னது போல இருந்திருக்கும். படுக்கிற கட்டில்தான் வாத்தியத்துக்கு நாற்காலி. குளிர்காலத்தில் விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுந்து இந்தக் கூத்தைத் தொடங்கிவிடுவார்கள். காஸ்ட்ராட்டோ பையன்கள் பதினாறு பேருக்கு மட்டும் மாடியில் கதகதப்பான தனி அறைகள். சளி பிடித்தால் முதலுக்கே மோசம் அல்லவா? இந்த இரைச்சலில் வளர்கிற பிள்ளைகள் நுணுக்கமாக வாசிக்காமல் முரட்டுத்தனமாக வாசிப்பதில் வியப்பில்லை என்று பர்னி முடிவு கட்டினார். ஆப்பெரா இரவுகளும் வெசூவியஸ் எரிமலையும் இல்லாவிட்டால் நேபிள்ஸ் அவரை அழவைத்திருக்கும்.

டிசம்பரில் வீடு திரும்பி, 1771-ல் புத்தகம் போட்டார். கையெழுத்துப் பிரதியைப் படித்த பெரிய மனிதர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: சங்கீதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வழிப்பயணக் கதையை வெட்டிவிடுங்கள். பர்னி வெட்டினார். வெட்டியதெல்லாம் இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சில் வந்தது. பெரிய மனிதர்களின் யோசனை இலக்கியத்துக்கு எவ்வளவு கெடுதல் என்பதற்கு நல்ல உதாரணம்.

அடுத்த புத்தகத்தில் அவர் அந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் அதிர்ஷ்டம். ஏனென்றால் 1772-ல் ஜெர்மனிக்குப் போன பயணத்தில் சங்கீதத்துக்குச் சமமாகச் சங்கடமும் இருந்தது. இந்த முறை சாண்ட்விச் பிரபு தம் கையாலேயே சிபாரிசுக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். ஆமாம், அந்தச் சாண்ட்விச்சேதான். கடற்படைக்குத் தலைவர், சங்கீதப் பித்து. அதே 1772-ல்தான் பர்னியின் மகன் ஜேம்ஸும் கேப்டன் குக்கோடு உலகைச் சுற்றக் கப்பல் ஏறினான். மகன் தென்கடலுக்கு, தகப்பன் கச்சேரிக்கு. வீட்டிலிருந்த பெண்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

மான்ஹைம் அரசரின் கோடைகால அரண்மனை ஷ்வெட்சிங்கனில் இருந்தது. ஐரோப்பாவின் தலைசிறந்த வாத்தியக் குழு அங்கேதான் வாசித்தது. படை முழுவதும் தளபதிகளாகவே இருக்கிறார்கள் என்று பர்னி எழுதியதை இன்றுவரை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே மூச்சில் ஊதுவாத்தியங்கள் சுருதி சேரவில்லை என்று எழுதியதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு எப்படிப் போவது? தரைவழி செலவும் தொல்லையும் அதிகம். ஊசியிலை மரங்களை வரிசையாகக் கட்டி ஈசர் ஆற்றில் விட்டு, அங்கிருந்து டான்யூபில் வியன்னாவரை மிதக்கவிடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் கட்டையாகவே விற்றுவிடுவார்கள். பர்னி அந்தத் தெப்பத்தில் ஏறினார். தங்குவதற்குப் பலகை அடித்த ஒரு குடிசை. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். காற்று எதிர்த்தால் தெப்பம் கரையோரம் நின்றுவிடும். கையிலிருந்த சாப்பாடு தீர்ந்ததும் கரையில் கிடைத்ததைத் தின்ன வேண்டியதாயிற்று. படகுக்காரர்கள் பேசிய ஜெர்மன் இவருக்கு விளங்கவில்லை. ஒரு வாரம் போல இப்படி மிதந்து, நனைந்து, இளைத்து வியன்னா போய்ச் சேர்ந்தால், சுங்கக்காரர்கள் அவர் புத்தகங்களைத் தணிக்கைக்கென்று பிடித்துவைத்துக்கொண்டார்கள். தங்கம், சாராயம் கடத்துகிறவர்களை விட்டுவிட்டுப் பாட்டு வாத்தியார் பையைக் குடைவது எல்லா நாட்டுச் சுங்கத்துக்கும் பொதுவான பழக்கம் போலிருக்கிறது.

வியன்னாவில் இரண்டு கட்சிகள். இசையமைப்பாளர் ஹாஸ்ஸேயும் கவிஞர் மெத்தஸ்தாசியோவும் ஒரு பக்கம், இசையமைப்பாளர் கிளக்கும் அவருடைய கவிஞர் கல்சபிஜியும் மறு பக்கம். பர்னி இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தார். மெத்தஸ்தாசியோ உள்ளுணர்வு, ஊக்கம் என்பதையெல்லாம் கேட்டால் சிரிப்பாராம். இன்னொருவர் கடிகாரம் செய்வது போல உட்கார்ந்து கவிதை செய்வாராம். ஹாஸ்ஸேயின் மனைவி, ஒரு காலத்துப் பாடகி ஃபவுஸ்தீனா எழுபதைத் தாண்டியிருந்தார். 1727-ல் லண்டன் மேடையில் இவருடைய ரசிகர்களும் போட்டிப் பாடகி குட்ஸோனியின் ரசிகர்களும் ஊளையிட்டு ஆப்பெராவையே குலைத்தார்கள். இளவரசி சபையில் இருந்தும் அவர்களுக்குக் கூச்சமில்லை. அந்த ஃபவுஸ்தீனாவைப் பர்னி ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டார். முடியாதப்பா, எல்லாம் போய்விட்டது என்றார் அம்மையார்.

கிளக் மாமிச மலை, அம்மைத் தழும்பு முகம், கண்ணில் நெருப்பு. ஊரே நடுங்கும் பூதம் என்று எழுதினார் பர்னி. அந்தப் பூதமே அவருக்காக ஹார்ப்சிகார்டில் உட்கார்ந்து, கட்டைக் குரலில், தம் ஆப்பெராவைப் பெரும்பகுதி பாடிக் காட்டியது. பாரிசுக்கென்று புதிதாக அமைத்திருந்த ஆப்பெராவையும் பாடியது. அது இன்னும் தாளில் ஏறவில்லை, முழுவதும் தலைக்குள்ளேயே இருந்தது. அந்த அறைக்கு டிக்கெட் விற்றிருந்தால் என்ன விலை போயிருக்கும்! இசையமைப்பாளர் ஹேடன் மட்டும் ஊரில் இல்லை. எஸ்டர்ஹாசி பிரபுவின் நாட்டுப்புற அரண்மனையில் வேலையில் இருந்தார். பர்னிக்குத் தார்த்தீனிக்கு அடுத்த ஏமாற்றம் இது.

வியன்னாவை விட்டால் பொஹீமியா. 1771, 1772 பஞ்சத்தில் அடிபட்ட நாடு. பர்னி அங்கே எழுதிய பக்கங்களில் கேலி குறைந்துவிடுகிறது. பசியில் மெலிந்த குடியானவர்களைப் பார்த்தார். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் ஆண், பெண் குழந்தைகள் எல்லாரும் வாத்தியம் கற்பதையும் பார்த்தார். கூரையில்லாத தபால் வண்டியில் எலும்பு குலுங்கப் பெர்லின் போய்ச் சேர்ந்தார். நகர வாசலில் மழையில் நிற்கவைத்துப் பெட்டியைச் சோதனை போட்டார்கள்.

பிரஷ்ய ராஜா இரண்டாம் ஃபிரெடெரிக் உலகம் பயந்த படைத்தலைவர். மாலையானால் ஃப்ளூட் வாசிப்பார். போட்ஸ்டாமில் கச்சேரி அறைக்குப் பக்கத்து அறைவரை பர்னிக்கு அனுமதி கிடைத்தது. உள்ளே மகாராஜா ஸ்வரம் பழகிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. பிறகு நீண்ட கான்சர்ட்டோக்கள் மூன்றை வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார், அறுபது வயதில் மூச்சு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. அந்தக் கச்சேரிக்கு விசித்திரமான விதிகள் உண்டு. ராஜாவின் குரு குவான்ட்ஸ் ஒருவருக்குத்தான் "பிராவோ" என்று சொல்ல உரிமை. ராஜா வாசிப்பது அதே குவான்ட்ஸ் அவருக்கென்றே எழுதிய முந்நூறு கான்சர்ட்டோக்களை மட்டும்தான். அவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை தவறாமல் வாசிப்பார், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எழுதியவரே "பலே" சொல்கிறார், சிஷ்யரே சம்பளம் கொடுக்கிறார். விமர்சகருக்கு அங்கே வேலையில்லை.

ஆப்பெரா நடந்தால் ராஜா நடத்துனருக்குப் பின்னால் நின்றுகொண்டு இசைத்தாளிலேயே கண்ணாக இருப்பாராம். பாடகர் சொந்தச் சங்கதி ஒன்று சேர்த்தால் அரச கட்டளை வரும்: எழுதியபடி பாடு, இல்லாவிட்டால் விளைவுக்கு நீயே பொறுப்பு. பெர்லினில் எந்த மதத்தையும் பின்பற்றலாம், குவான்ட்ஸையும் இசையமைப்பாளர் கிரவுனையும் மறுத்தால்தான் நாஸ்திகப் பட்டம் என்று பர்னி குத்தினார். அந்த ராஜாவின் படை எல்லைக்குள் இருக்கும்போது வாயைத் திறக்காமல், லண்டன் திரும்பிய பிறகு குத்தினார். வாத்தியாருக்கு உலக அனுபவம் இருந்தது.

ராஜாவுக்கு இருபத்தெட்டு வருஷம் பக்கவாத்தியம் வாசித்து, ஒரு வழியாக 1768-ல் தப்பித்து ஹாம்பர்க் போனவர் கார்ல் ஃபிலிப் எமானுவேல் பாக். பெரிய பாக்கின் மகன். அன்றைக்கு பாக் என்றால் ஜனங்களுக்கு இவர்தான், அப்பா அல்ல. இவரைக் கேட்கத்தான் ஜெர்மனிக்கே வந்தேன் என்கிற மாதிரி பர்னி ஹாம்பர்க்கில் இறங்கினார். சங்கீதத்துக்கு நீங்கள் ஐம்பது வருஷம் தாமதம் என்றார் பாக். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், காதுதான் கிடையாது என்பது அவர் குறை.

பிறகு வீட்டுக்கு அழைத்துப் போனார். கூடத்தில் பார்த்த பக்கமெல்லாம் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சங்கீதக்காரர்களின் படங்கள் மாட்டியிருந்தன. இவரும் நம்ம கட்சி என்று பர்னிக்குக் குளிர்ந்துபோயிருக்கும். பாக் தம் செல்ல வாத்தியமான ஸில்பர்மன் கிளாவிகார்டில் உட்கார்ந்தார். கிளாவிகார்டு என்பது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத மெல்லிய குரல் வாத்தியம். இரண்டு மூன்று உருப்படிகள் வாசித்தார். சாப்பிட்டார்கள். மறுபடி உட்கார்ந்தவர் இரவு பதினொன்றுவரை அநேகமாக எழுந்திருக்கவேயில்லை. வாசிக்க வாசிக்க ஆவேசம் வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். கண் ஒரே இடத்தில் குத்திட்டது, கீழுதடு தொங்கியது, முகத்திலிருந்து வேர்வை சொட்டியது. இப்படி அடிக்கடி வாசிக்க முடிந்தால் நான் மறுபடி இளைஞனாகிவிடுவேன் என்றாராம்.

சபை என்று பார்த்தால் ஒரு கைப்பிடி ஆட்கள். மேடை இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சம், சாப்பாட்டு மேசை பக்கத்தில். தெப்பம், மழை, சுங்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு ராத்திரி கணக்கைத் தீர்த்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். இரண்டு பயணத்திலும் அவருக்குப் பெரிய மேடைகள் கொடுத்ததைவிட இப்படிப்பட்ட வீட்டு அறைகள் கொடுத்தது அதிகம்.

கணக்குத் தீர்ந்ததென்று கடலுக்குத் தெரியவில்லை. திரும்பும்போது கலே துறைமுகத்தில் புயலுக்காக நாள் கணக்கில் காத்திருந்து, ஒருவழியாகக் கப்பல் ஏறினார். வாந்தியெடுத்தே நாராகிவிட்டார். டோவர் வந்து எல்லாரும் இறங்கினார்கள். இவரால் எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்சம் தெளிந்ததும் இறங்கிக்கொள்கிறேன் என்று கண்ணை மூடியவர் அசந்து தூங்கிவிட்டார். விழித்தால் மறுபடி நடுக்கடல். கப்பல் புதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கலேக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்தது. கலே போய், திரும்ப அதே கடலைத் தாண்டி, அதே வாந்தியை எடுத்து ஊர் வந்து சேர்ந்தார். இந்தக் கதையைப் பிற்பாடு எழுதி வைத்தவர் மகள் ஃபேனி பர்னி. எவலினா என்ற நாவலால் புகழ்பெற்ற அதே ஃபேனிதான்.

வந்ததும் வாதநோயில் படுத்துவிட்டார். படுக்கையிலிருந்தபடி அவர் சொல்லச் சொல்லப் பெண்கள் எழுதினார்கள். 1773-ல் ஜெர்மனிப் புத்தகம் வெளிவந்தது. ஜெர்மானியர்கள் மொழிபெயர்த்தார்கள், கூடவே அடிக்குறிப்பு போட்டு வரிக்கு வரி சண்டையும் பிடித்தார்கள். 1774-ல் லண்டனில் ஜோயல் காலியர் என்ற புனைபெயரில் ஒருவர் இங்கிலாந்துக்குள்ளேயே சங்கீதப் பயணம் போவதாகக் கேலிப் புத்தகம் எழுதினார். பல பதிப்பு ஓடியது. சங்கீதமென்றால் காத தூரம் ஓடுகிற டாக்டர் ஜான்சன், தம் ஸ்காட்லாந்துப் பயண நூலுக்குப் பர்னியைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டதாகச் சொன்னார். அதைவிடப் பெரிய பட்டம் என்ன வேண்டும்?

கடைசியில் சங்கீத வரலாறும் வந்தது. முதல் தொகுதி 1776, நான்காவது 1789. நடுவில் சர் ஜான் ஹாக்கின்ஸ் என்ற மாஜிஸ்திரேட் 1776-லேயே ஐந்து தொகுதி வரலாற்றை ஒரே மூச்சில் வெளியிட்டு முந்திக்கொண்டார். ஏட்டறிவில் ஹாக்கின்ஸ் சளைத்தவரில்லை, பழைய நூல்களைப் பற்றிச் சில இடங்களில் பர்னியைவிட ஆழமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் பாக்கின் கீழுதடு தொங்கியது அவர் புத்தகத்தில் கிடைக்காது.

ஹேடன் பாக்கி இருந்தது. அவரே லண்டனுக்கு வந்தார். 1791 புத்தாண்டு தினத்தன்று கலேயிலிருந்து டோவருக்கு அதே கடலைக் கடந்தார். முழு நேரமும் மேல்தளத்தில் நின்று அலையை வேடிக்கை பார்த்ததாகக் கடிதம் எழுதினார். பர்னி அவருக்கு வரவேற்புக் கவிதை எழுதி அச்சடித்தார். கச்சேரிக்கு இந்தத் தடவை வாடகை வண்டியிலேயே போய் வந்துவிடலாம்.